பட்டுக்குச் சாயம், படத்துக்குச் சாயம்

ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றோடு சென்று கலக்கும் செய்யாற்றின் கரையில், காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட நெல்வயல் பூமியில் அமைந்திருக்கும் செய்யார் என்னும் ஊரை, வேதபுரீஸ்வரர் சந்நிதிக்காகவும், ஞானசம்பந்தர் பாடி ஆண் பனையைக் குலை தள்ளச் செய்தார் என்னும் தல புராணத்துக்காகவும் யாத்திரிகர்கள் நன்கு அறிவார்கள். ஜவுளி வியாபாரிகளுக்கோ அந்தப் பிரதேசம் முழுவதும் ஆரணிப் பட்டின் பெயராலேயே அறிமுகம். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், பாக்கு, வெங்காயத் தோல், மயில்கழுத்து என்று ஒரு முழுப் பட்டியலையே மூச்சு விடாமல் சொல்லி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று உட்பிரிவுகளையும் கண்ணாலேயே பிரித்துக் காட்டக்கூடிய ஜனங்கள் வாழும் சீமை அது. அப்படிப்பட்டவர்கள், புகைப்படம் என்னும் நூதன வித்தை தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் நூறாண்டுக்கு மேலாகத் தங்கள் கல்யாணக் கோலத்தைச் சாம்பல் நிறத்திலேயே பார்த்துத் திருப்தியடைய நேர்ந்தது என்பதும், வர்ணம் கடைசியில் படத்துக்குள் வந்தபோது அது வந்த வழி சாயப்பட்டறையின் வழியே என்பதும், நம்முடைய சரித்திரக்காரர்கள் அவ்வளவாகக் கவனிக்காத விஷயங்கள்.

முதலில் அந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் அதுவும் நேர்மையான சாம்பல் அல்ல. வெள்ளி உப்புகளைப் பூசிய ஆதிகாலத்துத் தகடுகளும் காகிதங்களும் நீல ஒளியையும் ஊதாவையும் மட்டுமே அறிந்தன. பச்சையை அரைகுறையாகவும் அறியவில்லை, சிவப்பை அடியோடு அறியவில்லை. 1858இல் சென்னை இராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகடிவ்களில் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், வானம் வெறும் வெள்ளையாய் விழுவதைப் பொறுக்கமாட்டாமல் நெகடிவிலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். வானத்துக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரானது புடவைக்கு நேர்ந்தது. அரக்குப் பட்டு கரியாக விழுந்தது. குங்குமப் பொட்டு மைப்பொட்டாயிற்று. மஞ்சள் பூசிய முகம் உள்ளதைக் காட்டிலும் இரண்டு மாற்றுக் கறுத்தது. நீலப் புடவை வெளுத்து நின்றது. பழைய குடும்பப் படங்களைப் பார்த்து, அந்தக் காலத்து மணப்பெண்கள் கறுப்புப் புடவை உடுத்தினார்களோ என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதுண்டு. உடுத்தியது பெரும்பாலும் நல்ல சிவப்புத்தான். தகட்டுக்குத்தான் அதைக் காணும் கண் இல்லை.

அந்தக் கண்ணைத் திறந்து வைத்தது ஒரு சாயம். 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்னும் ரசாயன ஆசிரியர், தகட்டின் பூச்சில் சிறிதளவு சாயத்தைக் கலந்தால் அந்தச் சாயம் உறிஞ்சும் ஒளிக்கு வெள்ளி உப்பும் இசைந்து கொடுக்கிறது என்று கண்டுபிடித்தார். முதலில் பச்சையும், பிறகு படிப்படியாகச் சிவப்பும் தகட்டுக்குத் தெரியலாயின. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் புடவை சிவப்புக்கு உரிய சாம்பலாக விழுவதற்கே சாயம் வேண்டியிருந்தது என்றால், வர்ணப் படத்துக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே சற்று விலகி, சாயத்தின் வம்சாவளியைப் பார்க்கவேண்டும். என் அபிப்பிராயத்தில் இந்த விருத்தாந்தத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் துணிகளை உலகச் சந்தையில் பிரபலமாக்கிய சிவப்பு, இம்பூறல் என்று வைத்தியர்கள் சொல்லும் சின்னஞ்சிறு செடியின் வேரிலிருந்து, சாயவேர் என்ற பெயரோடே, மணற்பாங்கான நிலங்களிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. நீலமோ அவுரியிலிருந்து வந்தது. பட்டுக்குச் சிவப்பேற்ற அரக்குப் பூச்சி இருந்தது. அரக்கு என்ற நிறத்தின் பெயர் இன்றளவும் அதற்குச் சாட்சி. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணாக்கர், மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் புறப்பட்டு, கீல் எண்ணெயிலிருந்து கிடைக்கும் அனிலினிலிருந்து ஓர் ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டார். பதின்மூன்று ஆண்டுகளில், சாயவேரின் சிவப்புக்கு மூலமாகிய அலிசரினையே ஆலையில் செய்யும் வழி கிடைத்தது. 1897இல் ஜெர்மானியர் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். கடற்கரையில் சாயவேர் தோண்டுவதும், ஆற்காட்டுச் சீமையில் அவுரித் தொட்டிகளில் நீலம் அடிப்பதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே க்ஷீணித்துப் போயின. தகர டப்பாவில் வந்த பொடி, விலையில் மலிவு, ஏற்றுவதில் சுலபம், பளபளப்பிலும் குறைவில்லை. பட்டுச் சாயக்காரர்கள் அதைக் கைக்கொண்டதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை.

அந்தப் பொடிகளைச் செய்த ஜெர்மன் ஆலைகளுள் ஒன்று, 1867இல் பெர்லினுக்கு அருகில், இசைமேதை மெண்டல்சோனின் புதல்வர் பாலும் கார்ல் அலெக்சாண்டர் ஃபான் மார்ட்டியஸ் என்னும் ரசாயன நிபுணரும் கூடித் தொடங்கியது. 1873இல் அது கூட்டு ஸ்தாபனமாகி, அனிலின் உற்பத்திச் சங்கம் என்று பொருள்படும் நீண்ட ஜெர்மன் பெயரைச் சூடிக்கொண்டது. அப்பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஆக்ஃபா என்று வரும். நம் ஊர்ப் புகைப்பட ஸ்டூடியோக்களின் பலகைகளில் வைர வடிவத்துக்குள் பல்லாண்டு விளங்கிய அந்தப் பெயர், பிறந்தபோது சாயக்கடைப் பெயர். சாயம் காய்ச்சத் தெரிந்த அதே கைகள் 1891இல் ரோடினால் என்னும் டெவலப்பரைச் செய்தன. 1910இல் வோல்ஃபெனில் பிலிம் ஆலையை இயக்கின.

பெர்லினில் வேறொரு கம்பெனியில் இருந்த ருடால்ஃப் ஃபிஷர், 1911-12இல், வர்ணப் படத்துக்கு அடிப்படையான தத்துவத்தைக் கண்டு உரிமை பெற்றார். பிலிமைக் கழுவும்போது, ஒளி பட்ட இடத்தில் வெள்ளி உப்பு உலோக வெள்ளியாகிறது. அந்த மாற்றத்தில் டெவலப்பர் தானும் மாறுதலடைகிறது. மாறிய டெவலப்பர், பிலிமின் ஜெலட்டினுக்குள் முன்கூட்டியே கலந்து வைத்த நிறமற்ற ஒரு பொருளோடு கூடினால், அந்த க்ஷணத்தில், அந்த இடத்தில் மட்டும் சாயம் பிறக்கிறது. ஆனால் ஃபிஷரின் காலத்தில் அந்தப் பொருள் தன் படலத்தில் நிற்காமல் பக்கத்துப் படலத்துக்குக் கசிந்து ஓடியது. கரையின் சாயம் உடலில் இறங்கிவிட்ட புடவையை என்ன செய்ய முடியும்? அதே கதிதான் அந்தப் பிலிமுக்கும். கசியாமல் கட்டிப் போடும் உபாயத்தை வோல்ஃபென் ஆலையினர் கண்டுபிடித்து, 1936இல் ஆக்ஃபாகலர் என்ற பெயரில் சுருளாக விற்றனர். அதற்கு ஓராண்டு முன்னதாக, அமெரிக்காவில், சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த மேனஸ், கோடவ்ஸ்கி என்ற இரு நண்பர்கள், சாயத்துக்குரிய பொருளைப் பிலிமில் வைக்காமல் கழுவும் திரவத்திலேயே வைத்துக் கோடாக்குரோமை நிறைவேற்றியிருந்தார்கள். அதன் வர்ணம் அதிசயமாக நிலைத்து நின்றது, ஆனால் அதைக் கழுவுவது பெரிய லேபுகளுக்கே சாத்தியம். சின்ன ஊர் ஸ்டூடியோவரைக்கும் வந்து சேரக்கூடியதாக இருந்தது ஜெர்மன் வழிதான்.

இன்றைக்கும் கடையில் வாங்கும் வர்ணச் சுருளின் உள்ளமைப்பு அதுவே. மேலே நீலத்தை அறியும் படலம், அதன் கீழ் மஞ்சள் வடிகட்டி, பிறகு பச்சையை அறிவது, அடியில் சிவப்பை அறிவது. கழுவும்போது இம்மூன்றில் முறையே மஞ்சளும் மெஜந்தாவும் சயானும் பிறக்கின்றன. பிறந்தபின், வேலை முடிந்த வெள்ளி முழுவதையும் வெளுப்பான் திரவமும் ஹைப்போவும் கரைத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஜரிகையில் வெள்ளி கடைசிவரை தங்குகிறது. வர்ணப் பிலிமில் வெள்ளி சாயத்தைப் பிறப்பித்துவிட்டு விடைபெறுகிறது. எஞ்சி நிற்பது சாயம், சாயம் மட்டுமே. அந்தச் சாயங்களைப் பிறப்பிக்கும் டெவலப்பரும் அனிலின் வம்சம். சயானாகிய சாயத்துக்கு ரசாயன சாஸ்திரத்தில் இண்டோஅனிலின் என்றே பெயர். சாயவேரைச் சந்தையிலிருந்து விரட்டிய குலத்தின் பேரப்பிள்ளைகள், சில தலைமுறைகள் கழித்து, அதே சீமையின் கல்யாணப் படங்களுக்குள் வந்து குடியேறின.

குடியேறுவதற்கு வெகுகாலம் பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். அதுவரை வர்ணம் வேண்டியவர்களுக்குத் தூரிகையே கதி. சற்றுப் பழுப்பேற்றிய கறுப்பு வெள்ளைப் பிரதியை மேஜைமேல் ஒட்டி, பஞ்சு சுற்றிய குச்சியாலும் மெல்லிய தூரிகையாலும் கன்னத்துக்கு ரோஜா, உதட்டுக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள், புடவைக்கு அவர்கள் சொன்ன நிறம் என்று ஊடுருவித் தெரியும் வர்ணங்களைப் பூசும் சித்திரக்காரர்கள் பெரிய ஸ்டூடியோக்களில் இருந்தார்கள். உடலுக்கு என்ன நிறம், கரைக்கு என்ன நிறம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். நெசவுச் சீமையில் இந்தக் கேள்விக்கு விடை அவ்வளவு லேசாக வந்திராது. பச்சை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களா அவர்கள்?

சினிமாதான் முந்திக்கொண்டது. 1956 பொங்கலுக்கு வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வர்ணப் படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைக் கேவாகலரில் எடுத்தது. கேவாகலர் பெல்ஜியத்துச் சுருளானாலும், அதன் ரகசியம் வோல்ஃபெனுடையதே. யுத்தத்துக்குப் பின் ஜெர்மானியரின் காப்புரிமைகள் செல்லாக்காசாகி, அந்த முறையை யார் வேண்டுமானாலும் கையாளலாம் என்றான பிறகு பிறந்த சுருள்களில் அதுவும் ஒன்று. டூரிங் கொட்டகையின் மணலில் உட்கார்ந்து பானுமதியின் உடையலங்காரத்தைப் பார்த்த நெசவாளி வீட்டுப் பெண்கள், மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனால் அங்கே இன்னமும் கறுப்பு வெள்ளைதான்.

தேசம் தன் பிலிமைத் தானே செய்துகொள்ளவேண்டும் என்ற எண்ணத்தில், 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டு, குளிர்ந்த, தூசியற்ற காற்றையும் சுத்த ஜலத்தையும் உத்தேசித்து உதகமண்டலத்தில் ஆலை அமைந்தது. பிரான்சின் பொஷே கம்பெனி தொழில்நுட்பம் தந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற முத்திரையோடு சுருள்கள் வந்தன. ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே படங்களுக்கும், பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கும், பத்திரிகைகளுக்கும் அந்த ஆலை செய்த உபகாரம் சிறிதல்ல. ஆயினும் உலகம் வர்ணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளையில் நாம் கறுப்பு வெள்ளையை வெகு பாடுபட்டுக் கற்றுக்கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்த அந்நாட்களில், வர்ணச் சுருள் என்பது ரூபாய் வியாபாரத்தில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோவாகவோ, சென்னை பர்மா பஜாரில் அகப்பட்ட ஏதோ ஒன்றாகவோதான் சிற்றூர்க்காரர்களுக்குக் கிடைத்தது. ஓர்வோவும் வேறு யாருமல்ல. பெயர் மாற்றிக்கொண்ட பழைய வோல்ஃபென் ஆலையே.

வர்ணச் சுருளைக் கழுவுவதற்குப் பட்டணத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளையை ஸ்டூடியோவின் பின்கட்டு இருட்டறையில், 20 டிகிரிக்குத் தண்ணீரைக் குளிர்விக்க ஐஸ்கட்டி வாங்கிப் போட்டுக் கழுவிவிடலாம். 1972இல் கோடாக் வகுத்த சி-41 முறையோ 37.8 டிகிரி கேட்கிறது. வட ஆற்காட்டுச் சித்திரை வெயிலில் மேல்தொட்டித் தண்ணீரே ஏறக்குறைய அந்த உஷ்ணத்தில்தான் விழும் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் கால் டிகிரி பிசகினாலும், டெவலப்பரில் முக்கும் மூன்றேகால் நிமிஷத்தில் சில விநாடி கூடினாலும் வர்ணம் சாய்ந்துவிடும். செப்புக் கொப்பரையில் கொதிக்கும் சாய நீரில், கழியில் கோத்த பட்டுச் சிட்டங்களைத் திருப்பித் திருப்பி முக்கி, ஓர் இழையைப் பிழிந்து மாதிரி நூலோடு வெளிச்சத்தில் ஒட்டிப் பார்த்து, ஒரு சிட்டிகைப் பொடி கூட்டி நிறத்தைச் சரிக்கட்டும் சாயக்காரருக்கு இருக்கும் சுதந்திரம் பிலிம் கழுவுகிறவருக்குக் கிடையாது. அவருடைய சாயம் இருட்டில் பிறக்கிறது; பார்க்கும்போது பிறந்து முடிந்துவிட்டது.

கேமராக்களைப் பொறுத்தவரை, பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 வசதியுள்ள வீடுகளின் பெட்டிக்கேமரா. ஒற்றை லென்ஸ், ஏறக்குறைய ஒரே வேகம், வெயில் இருந்தால் படம் உண்டு. கல்யாணப் புகைப்படக்காரரின் கையில் இருந்தது, ரோலிஃப்ளெக்ஸின் ஜப்பானியச் சகோதரனாகிய யாஷிகா மேட் 124ஜி. மார்புக்கு நேரே பிடித்து, தலை குனிந்து, தேய்த்த கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் மணமக்களைப் பார்த்து எடுக்கவேண்டும். 120 சுருளில் 12 படம். கெட்டிமேளம் கொட்டும்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படத்தில் இருக்கிறோம் என்ற கணக்கு அவருக்கு எப்போதும் மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த பிலிமில், விடியற்கால முகூர்த்தத்தின் டியூப்லைட் எல்லோருக்கும் பச்சை முகம் கொடுத்தது. பல்பு வெளிச்சம் காவியைப் பூசியது. பிளாஷ் நேராக அடித்தால் ஜரிகைக் கரை வெள்ளைத் தகடாகிப் போயிற்று. சற்றுச் சாய்ந்து நின்று அடிக்கவேண்டும் என்பதை அனுபவமே கற்பித்தது.

1980களில், ஜப்பானிய மினிலேப் இயந்திரங்கள் பட்டணங்களிலும் பிறகு ஜில்லாத் தலைநகரங்களிலும் வந்து அமர்ந்தபின், வர்ணம் கறுப்பு வெள்ளையை விட மலிவாயிற்று. அதன் பின் நடந்தவை எல்லோரும் அறிந்தவை.

இப்போது பழைய கேமராக்களைத் தேடி வாங்கி, அவற்றில் வர்ணச் சுருள் ஏற்றும் இளைஞர்கள் சென்னையிலும் கோவையிலும், ஏன், இந்தப் பக்கத்துச் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். தாத்தாவின் யாஷிகா, ருஷ்யாவிலிருந்து வந்த ஜெனித், அதனோடு வந்த 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ் லென்ஸ் ஆகியவற்றுக்குத் திடீர் மவுசு. பழைய லென்ஸில் வர்ணம் மிருதுவாக விழுகிறது என்று அவர்கள் புகழ்வது மெய்யே, காரணமும் எளியது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலு பங்கு ஒளி திரும்பிப் போகிறது. 1902இல் பிறந்த டெஸ்ஸார் லென்ஸுக்கு அப்படி ஆறு பரப்புகள். திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து நிழல்களின்மேல் வெண்திரை விரிக்க, எல்லா நிறத்திலும் கொஞ்சம் பால் கலந்துவிடுகிறது. 1935இல் ஜைஸ் கம்பெனியின் ஸ்மகுலா பரப்பின்மேல் மெல்லிய பூச்சேற்றி அந்த இழப்பைக் குறைத்தார். அதற்கு நாற்பதாண்டு முன்பே, காலத்தால் மங்கிய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியை விடுகிறது என்று ஆங்கிலேயர் டென்னிஸ் டெய்லர் கவனித்திருந்தார் என்பது ரசமான செய்தி. ஆகையால், குறையைக் குணமாகப் போற்றுகிறார்கள் இளைஞர்கள், போற்றட்டும். முகத்துக்கு அந்தப் பால் கலந்த வர்ணம் அழகுதான். அரக்குப் பட்டுக்கு அது ஆகாது என்பது என் கட்சி. அரக்கின் உயிர் அதன் ஆழத்தில் இருக்கிறது.

எந்த லென்ஸாலும் ஆகாதவை சில உண்டு. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த மயில்கழுத்தைக் கையில் பிடித்து அசைத்தால், மடிப்பின் ஒரு புறம் நீலமும் மறுபுறம் பச்சையும் ஓடும். அசைவில் இருக்கும் நிறம் அது. படமோ ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இன்னொரு சங்கடம் இதைக் காட்டிலும் விசித்திரமானது: சில சாயங்கள், நம் கண்ணுக்கு எட்டியும் எட்டாத கடைக்கோடிச் சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகின்றன, கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, பிலிமின் சிவப்புப் படலமோ விடாமல் வாங்கிக்கொள்கிறது. அதனால் நீல மலர் இளஞ்சிவப்பாகவும், பச்சைத் துணி பழுப்பாகவும் விழுவதைக் கோடாக் கம்பெனியாரே தங்கள் கைநூல்களில் விளக்கியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கென்று நெய்து கொடுத்து, எம்.எஸ். நீலம் என்றே பெயர் பெற்ற அந்த நீலம் எது என்று பழைய பத்திரிகை வர்ணப் படங்களை வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. பிலிம் ஒரு நீலம் சொல்லும், அச்சு மை ஒரு நீலம் சொல்லும்.

கடைசியாக, சாயம் போகும் விஷயம். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பிரதி எடுத்த கல்யாண ஆல்பங்களைத் திறந்தால் பந்தல், வாழை, புரோகிதர், மாப்பிள்ளையின் வேஷ்டி உட்படச் சகலமும் ஒரே செம்மை ஏறிக் கிடக்கும். வெயில் படாமல் பெட்டியில் பத்திரப்படுத்தியும் ஏன் இப்படி என்று மனம் வருந்துவார்கள். அக்காலத்துக் காகிதங்களில் மூன்று சாயங்களுள் பலஹீனமானது அந்த இண்டோஅனிலினாகிய சயான். அது இருட்டிலும் தானே கரைந்துகொண்டிருந்தது, நம் உஷ்ணமும் புழுக்கமும் அதற்குத் துணை செய்தன. சயான் போனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும்; இரண்டும் கூடினால் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்த பாட்டியின் படம், வெள்ளியால் ஆனது ஆகையால், அப்படியே இருக்கிறது.

இப்போது அந்த ஆல்பங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் போன சயானைத் திரும்பக் கூட்டித் தருகிறார்கள். எவ்வளவு கூட்டுவது என்பதற்குத்தான் அளவுகோல் இல்லை. கூட்டுகிறவரின் ஊகத்துக்கு ஏற்ப மணப்பெண்ணின் புடவை அரக்காகவும் ஆகலாம், பாக்கு நிறமாகவும் ஆகலாம். செய்யார்ப் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரு வழி பெரும்பாலும் பீரோவிலேயே இருக்கிறது. கூறைப்புடவையைத் தூக்கிப் போடும் வழக்கம் அங்கே இல்லை. பட்டில் ஏறிய சாயம், மடிப்போரத்தில் இழை இற்றுப்போன இடங்களிலும்கூட, நிறம் மாறாமல் நிற்கிறது. ஆல்பத்தோடு அதையும் எடுத்துச் சென்று, ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்து வைத்து, திரையில் தெரியும் நிறத்தை அதனோடு ஒட்டிப் பார்த்துச் சரிக்கட்டச் சொல்லவேண்டும்.